டாக்டரிடம் சொன்ன ரகசியம் வெளியே போகலாமா?

"சுகர் 400 யாருங்க? ரிப்போர்ட்டை வாங்கிக்குங்க!"

லேப் வாசலில் இப்படிக் கூவினால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். ரிப்போர்ட்டுக்கு உரியவரோ தலையைக் குனிந்தபடி எழுந்து வருகிறார்.

நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியே சொல்லக்கூடாது என்கிறது மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதி. கோர்ட்டு உத்தரவிட்டால் சொல்லலாம். பிறருக்குப் பெரிய ஆபத்து என்றாலோ, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொற்றுநோய் என்றாலோ சொல்லலாம்.

நின்றுபோன கல்யாணம்

ரத்தம் கொடுக்கப் போன ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. விஷயம் வெளியே கசிந்து, 1995-ல் நடக்க இருந்த கல்யாணம் நின்றது. ஆஸ்பத்திரியிடம் நஷ்டஈடு கேட்டு அவர் வழக்கு போட்டார். மணப்பெண்ணின் உயிரும் முக்கியம் என்று கூறி, 1998-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைத் தள்ளுபடி செய்தது.

2018 செப்டம்பரில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குத் தனிச்சட்டம் அமலுக்கு வந்தது. துணைக்கு ஆபத்து என்றால்கூட, முதலில் நோயாளிக்கு எடுத்துச் சொல்லி, "நான் சொல்லப்போகிறேன்" என்று அவரிடம் தெரிவித்த பிறகுதான் டாக்டர் வாய் திறக்க முடியும்.

72 மணி நேரம்

ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவரின் ரிக்கார்டுகளை 3 ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து கேட்டால்? "கிடையாதுங்க" என்பதுதான் பதில்!