நாடுகள் வாங்கும் கைமாத்து: 40 கோடி டாலர் கிடைத்தும் இலங்கை ஏன் விழுந்தது?

2022 ஜனவரி 13. இந்திய ரிசர்வ் வங்கி 40 கோடி டாலர் தருகிறது என்ற செய்தி கொழும்பில் வெளியானது. ஐந்தே நாளில், ஜனவரி 18-ல், வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குத் தர வேண்டிய 50 கோடி டாலர் கடன் பத்திரத்தை இலங்கை முழுசாக அடைத்தது. மார்ச்சில் காகிதம் இல்லாமல் பள்ளித் தேர்வு தள்ளிப்போனது. மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. ஏப்ரல் 12-ல், வெளிநாட்டுக் கடன்களை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று அரசே கையை விரித்துவிட்டது.

பக்கத்து நாட்டு மத்திய வங்கி டாலர் கொடுத்தும், மூன்றே மாதத்தில் இது எப்படி நடந்தது? அதைப் புரிந்துகொள்ள, மத்திய வங்கிகள் ஒன்றுக்கொன்று எப்படிக் கடன் கொடுத்துக்கொள்கின்றன என்று பார்க்க வேண்டும்.

ஸ்வாப்னா என்ன?

மாசக் கடைசியில் ரூம்மேட்டிடம் ‘சம்பளம் வந்ததும் தர்றேன்டா’ என்று சொல்லி வாங்குவோமே, கைமாத்து. ‘கரன்சி ஸ்வாப்’ கிட்டத்தட்ட அதுதான். இலங்கை மத்திய வங்கி தன் ரூபாயைக் கொடுக்கும். ரிசர்வ் வங்கி அதற்கு ஈடாக டாலர் தரும். தவணை முடிந்ததும் அதே மாற்று விகிதத்தில் இருவரும் திருப்பிக் கொடுத்துக்கொள்வார்கள். டாலர் வாங்கியவர் வட்டியும் கட்டுவார். நடுவில் இலங்கை ரூபாய் எவ்வளவு சரிந்தாலும் அந்த நஷ்டம் ரிசர்வ் வங்கியின் தலையில் விழாது.

சார்க் நாடுகளுக்காக ரிசர்வ் வங்கி இந்த ஏற்பாட்டை 2012 நவம்பரில் தொடங்கியது. மொத்த ஒதுக்கீடு 200 கோடி டாலர். வாங்கினால் மூன்று மாதத் தவணை, இரண்டு முறை நீட்டிக்கலாம். சர்வதேச நிதியமான ஐஎம்எஃப்-பிடம் போனால் மாதக்கணக்கில் பேச வேண்டும், வரி, மானியம் என்று எல்லாவற்றிலும் கை வைக்கச் சொல்வார்கள். இங்கே அந்த இழுபறி இல்லை. அவசரத்துக்கு உதவுவதுதான் இதன் பலம்.

கைமாத்து என்றேனே, இன்னொரு விஷயமும் உண்டு. அண்ணாச்சி கடைக் கணக்கு. தெஹ்ரானைத் தலைமையிடமாகக் கொண்டு ‘ஆசிய கிளியரிங் யூனியன்’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசம் உள்ளிட்ட உறுப்பு நாடுகள் தங்களுக்குள் நடக்கும் வர்த்தகத்தை உடனுக்குடன் டாலரில் தீர்க்காமல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கணக்குப் பார்த்து மிச்சத்தை மட்டும் கட்டும். 2022 ஜனவரியில் இந்தக் கணக்கில் இலங்கை கட்ட வேண்டிய 50 கோடிக்கும் அதிகமான டாலரை ‘அப்புறம் கொடுங்க’ என்று ரிசர்வ் வங்கி தள்ளிவைத்தது. செய்திகளில் இது பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் ஸ்வாப்பில் வந்ததைவிட இதில் தப்பிய டாலர்தான் அதிகம்.

கணக்கில் இருந்தும் கைக்கு வராத பணம்

2021 டிசம்பர் இறுதியில் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் 310 கோடி டாலர். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஏறக்குறைய பாதி, சீன மத்திய வங்கி கொடுத்த 1,000 கோடி யுவான் ஸ்வாப். மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொட முடியும் என்பது ஒப்பந்த நிபந்தனை. அந்த அளவு கையிருப்பு இருந்தால் யாருக்கு கைமாத்து வேண்டும்! ஏப்ரலில் பொறுப்பேற்ற மத்திய வங்கி ஆளுநர் நந்தலால் வீரசிங்க பிறகுதான் இதை வெளிப்படையாகச் சொன்னார். மே மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி சொன்ன கணக்கு இன்னும் மோசம்: உண்மையில் செலவழிக்கக் கூடிய டாலர் 5 கோடிகூட இல்லை.

இப்போது அந்த ஜனவரி 18-க்கு வருவோம். ரிசர்வ் வங்கி தந்த அதே டாலர்தான் பத்திரக்காரர்களுக்குப் போனது என்று சொல்ல முடியாது. ஆனால் கல்லா ஒன்றுதான். ‘பத்திரக் கடனைத் தள்ளிவையுங்கள், எரிபொருளுக்கும் மருந்துக்கும் டாலரை வையுங்கள், ஐஎம்எஃப்-பிடம் போங்கள்’ என்று இலங்கையிலேயே பொருளாதார நிபுணர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அதுவரை ஒரு தவணைகூடத் தவறியதில்லை என்ற பெயரைக் காப்பாற்ற அரசு முடிவு செய்தது. ஜனவரி இறுதியில் கையிருப்பு சுமார் 236 கோடி டாலராக இறங்கியது.

என் கணக்கில் ஸ்வாப் தோற்கவில்லை. அது கொடுப்பது அவகாசம் மட்டும்தான். அந்த மூன்று மாதம் வீணானது. இந்த ஆபத்து ஏற்கெனவே தெரிந்ததுதான். 2020 ஜூலையில் இதே அளவு தொகையை வாங்கிய இலங்கை, 2021 பிப்ரவரியில் திருப்பிக் கட்டியது. மேலும் நீட்டிக்க வேண்டுமென்றால் ஐஎம்எஃப் திட்டத்துக்கான உடன்பாடு வேண்டும் என்று இந்தியத் தரப்பு அப்போதே சொல்லியிருந்தது. அந்த ஐஎம்எஃப் கடன், சுமார் 300 கோடி டாலர், கடைசியில் 2023 மார்ச்சில்தான் ஒப்புதல் பெற்றது.

கொடுத்தவர் கதை

இதில் வங்கதேசத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2021-ல் அது இலங்கைக்கு 20 கோடி டாலர் ஸ்வாப் கொடுத்தது. மூன்று மாதத்தில் வர வேண்டிய பணம், திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு, 2023 செப்டம்பரில்தான் முழுசாக வந்து சேர்ந்தது. அதற்குள் வங்கதேசத்துக்கே டாலர் தட்டுப்பாடு வந்து, 2023 ஜனவரியில் ஐஎம்எஃப்-பிடம் 470 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் வாங்கியிருந்தது. எண்ணெய் விலை ஏறும்போது ஒரே தெருவில் எல்லா வீட்டுக்கும் சேர்ந்துதான் கஷ்டம் வருகிறது. அக்கம்பக்கத்தில் மட்டும் கைமாத்து வாங்குவதில் இருக்கும் சிக்கல் இது.

பெரிய நிதியாகச் சேர்த்து வைத்தால் சரியாகிவிடுமா? 1997-ல் தாய்லாந்தின் பாட் சரிந்து கிழக்கு ஆசியாவே ஆட்டம் கண்ட பிறகு, ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான், தென் கொரியாவும் 2000-ல் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் கூடி ஒரு ஸ்வாப் வலையமைப்பைத் தொடங்கின. இன்று அதன் அளவு 24,000 கோடி டாலர். இதுவரை ஒரு டாலர்கூட யாரும் எடுத்ததில்லை. 40 சதவீதத்துக்கு மேல் எடுக்க ஐஎம்எஃப் திட்டம் வேண்டும். எடுத்தாலே ‘இந்த நாடு காலி’ என்று சந்தை நினைக்குமோ என்ற பயமும் உண்டு. 2008 நெருக்கடியில் தென் கொரியா இந்தப் பக்கம் வராமல் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வுடன் 3,000 கோடி டாலர் ஸ்வாப் போட்டுக்கொண்டது.

ரிசர்வ் வங்கி தன் திட்டத்தில் 2024-ல் ஒரு மாற்றம் செய்தது. டாலருக்கான 200 கோடி ஒதுக்கீடு அப்படியே இருக்க, இந்திய ரூபாயில் வாங்க 25,000 கோடிக்குத் தனிச் சாளரம் திறந்தது. இந்தியாவிடம் வாங்கும் பொருளுக்கு ரூபாயிலேயே பணம் கொடுக்க முடிந்தால், பக்கத்து நாடு அதற்காக டாலர் தேடி அலைய வேண்டாம். அந்த ஆண்டு அக்டோபரில் மாலத்தீவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது: 40 கோடி டாலர், கூடவே 3,000 கோடி ரூபாய். அந்தக் கணக்கு 2027 ஜூன் வரை திறந்திருக்கும்.