அடித்தல் திருத்தல்

நேர்மையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நாம் படிக்கும் பாடங்களிலெல்லாம் அரிச்சந்திரனைப் போன்ற மகாபுருஷர்களே வருகிறார்களாகையால், அது ஏதோ சபையிலும் சுடுகாட்டிலும் சோதிக்கப்படும் அபூர்வ குணம் என்ற எண்ணம் பிள்ளைகளின் மனத்தில் படிந்துவிடுகிறது. உண்மையில் அந்தச் சோதனை பௌதிக ஆய்வுக்கூடத்தில், நூலில் தொங்கும் ஓர் உலோகக் குண்டுக்கு எதிரே, யாரும் கவனியாமலே நடந்து முடிந்துவிடுகிறது.

தனி ஊசலின் நீளத்தை 100 சென்டிமீட்டராக வைத்து மெல்ல ஆடவிட்டால், 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 40 விநாடி ஆகும். அதைக் கொண்டு கணக்கிட்டால் புவியீர்ப்பு முடுக்கம் சுமார் 980 என்று வரவேண்டும். வரவேண்டிய விடை வகுப்பில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும் என்பதுதான் சங்கடம். ஒரு மாணவனுக்குக் கடிகாரம் 38.1 விநாடி காட்டுகிறது. கணக்குப் போட்டால் 1087 வருகிறது. அவன் பதறிப்போய், சீனியரிடம் இரவல் வாங்கிய ரெக்கார்டு நோட்டைப் புரட்டி, 980 கிடைக்கும்படி நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிட்டு எழுதிவிட்டு, பக்கத்து மேஜைக்காரனுக்கும் அதே உபகாரத்தைச் செய்கிறான். அந்த 1087-ஐ உள்ளபடி எழுதிவைத்துச் சற்று யோசித்திருந்தானேயானால், குண்டு ஆடத் தொடங்கிய க்ஷணத்தில் ‘பூஜ்யம்’ என்னாமல் ‘ஒன்று’ என்று எண்ண ஆரம்பித்ததால், தான் இருபது என்று நினைத்தவை பத்தொன்பது அலைவுகளே என்பது அவனுக்கு விளங்கியிருக்கும். 980 சரியான மதிப்புத்தான். ஆனால் அவன் காணாத ஒன்றாகையால், அவனுடைய நோட்டில் அது பொய்.

இந்தச் சபலம் மாணவப் பருவத்தோடு தொலைவதில்லை. எண்ணெய்த் துளிகளைக் கொண்டு எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் மில்லிகன், 1913-இல் வெளியிட்ட கட்டுரையில் 58 துளிகளின் அளவுகளைத் தந்து, அவை பொறுக்கி எடுத்தவையல்ல, தொடர்ச்சியாக 60 நாட்களில் ஆராய்ந்த துளிகள் அனைத்துமே அவைதாம் என்று எழுதினார். 1923-இல் நோபல் பரிசும் பெற்றார். பிற்காலத்தில் அவருடைய குறிப்பேடுகளைச் சரித்திராசிரியர் ஜெரால்ட் ஹோல்டன் ஆராய்ந்தபோது, கட்டுரையில் இடம்பெறாத துளிகள் பல இருந்தது வெளிப்பட்டது. அவற்றை ஒதுக்கியதற்குத் தக்க காரணங்கள் இருந்தன, சேர்த்திருந்தாலும் முடிவு பெரிதாக மாறியிராது என்று அவருக்காக வாதாடுவோர் உண்டு, இருக்கலாம். அப்படியானால் ஒதுக்கினேன் என்றே எழுதியிருக்கலாமே என்பது என் கட்சி. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட மதிப்புப் பிழையானதால் அவருடைய விடை சற்றுக் குறைந்திருந்தது. பின்வந்தவர்களோ சரியான விடைக்கு ஒரே தாவலில் போய்ச் சேராமல், சிறிது சிறிதாகவே நகர்ந்து சென்றார்கள் என்றும், மில்லிகனை விட்டு அதிகம் விலகிய அளவு வந்தால் மட்டும் தவறு தேடினார்கள் என்றும் பௌதிக விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபைன்மன் 1974-இல் கலிபோர்னியாவில் பட்டம் பெற்ற மாணவர்களிடம் எடுத்துச் சொன்னார்.

உத்தியோகத்துக்கு வருவோம். பொதுப்பணித் துறையில் ‘எம்-புக்’ என்று வழங்கும் அளவுப் புத்தகத்தின் பக்கங்களுக்கு முன்னதாகவே எண் இடப்பட்டிருக்கும். ஒரு தாளையும் கிழிக்கலாகாது. எழுதியதைச் சுரண்டி அழிக்கலாகாது. பிழை நேர்ந்தால் பழைய எண் படிக்கத் தெரியும்படி ஒரு கோடு இழுத்து, சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடவேண்டும். அஸ்திவாரக் குழியின் ஆழத்தை, மண் மூடுவதற்கு முன்பே அளந்து பதிய வேண்டும். மூடிய பின் அளப்பது எப்படி? மழைநாளில் சேற்றில் இறங்கச் சலித்துக்கொண்டு, வரைபடத்திலுள்ள ஆழத்தையே எழுதிவிடுகிற ஓவர்சியர் லஞ்சம் வாங்கியவராக இருக்கவேண்டிய அவசியமில்லை. வீட்டில் பொறுப்புள்ள தகப்பனாராகவும், ஊர்க் கோயில் காரியங்களில் முன்நிற்பவராகவும் அவர் இருக்கக்கூடும்.

அவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. அடித்தல் திருத்தல் இல்லாத ரெக்கார்டு நோட்டுக்கே மதிப்பெண் என்று ஆண்டுக்கணக்காகப் பழக்கிவிட்டு, பின்பு திடீரென்று அடித்ததைக் காட்டச் சொல்லும் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுக்கிறோம். பரிசோதனை நடக்கும்போதே கிறுக்கி எழுதும் அப்சர்வேஷன் நோட்டுக்கு அந்த மதிப்பெண்ணில் பாதியை மாற்றி, 1087-ஐ அடித்துக் காரணமும் எழுதிய மாணவனுக்கு முழுமையாக வழங்கிவிடலாம். உபாத்தியாயர்களுக்குத் திருத்தும் வேலை சற்றே கூடும், அவ்வளவுதான்.