புது வீட்டில் கசியும் குழாய்: பொறுப்பேற்பது யார்?

புதுதில்லி: புது வீட்டில் குடியேறிய சில மாதங்களிலேயே குடிநீர் இணைப்பு கசியத் தொடங்கினால், அதைச் சரிசெய்ய வேண்டியவர் யார்? கட்டியவரைக் கேட்டால் குழாய் பொருத்தியவரைக் கைகாட்டுகிறார். குழாய் பொருத்தியவர், தெருக் குழாயில் நீரின் அழுத்தம் கூடிவிட்டது என்கிறார். குடிநீர் வழங்கும் அமைப்போ, வாசலுக்கு வெளியே உள்ளது மட்டுமே தன் பொறுப்பு என்று முடித்துக்கொள்கிறது. இதற்கிடையில் சுவர் ஊறிக்கொண்டிருக்கிறது.

மாநகரங்களில் அடுக்குமாடி வீடு வாங்குவோருக்கு நாடாளுமன்றம் 2016-இல் தெளிவான விடை அளித்துவிட்டது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைப்பாட்டிலோ, தரத்திலோ, செய்து தரப்பட்ட வசதிகளிலோ குறை தெரியவந்தால், கட்டுமான நிறுவனம் 30 நாள்களுக்குள் தன் செலவில் அதைச் சீராக்க வேண்டும். தவறினால் இழப்பீடு தர வேண்டும். கசியும் குழாய் இதில் அடங்கும் என்பதில் ஐயமில்லை. ஒழுங்குமுறை ஆணையம் இருப்பதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபட்டுவிடாது என்பதையும் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் உறுதிப்படுத்தியது.

ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் எழும் திட்டங்களும், 8 வீடுகளுக்கு மிகாத திட்டங்களும் இச்சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டியதில்லை. சொந்த மனையில் கொத்தனாரை வைத்துக் கட்டிக்கொள்பவர் இதன் எல்லைக்குள் வரவே இல்லை. இந்தியாவின் கிராமங்கள் பெரும்பாலும் அவ்வாறு கட்டப்பட்டவையே.

கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையை எடுத்துக்கொள்வோம். 1997 வரை மைசூரு மாவட்டத்தில் இருந்து, இப்போது சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள இத்தலத்துக்குத் தமிழகத்திலிருந்தும் திரளானோர் செல்கின்றனர். சுற்றியுள்ள காட்டுக் கிராமங்களின் நிலையைப் பக்தர்கள் அதிகம் அறிவதில்லை. சாலை, குடிநீர் உள்ளிட்ட அடிப்படை வசதிகள் இல்லை என்று கூறி, 2024 ஏப்ரல் 26 அன்று இண்டிகநத்தம் கிராமத்தினர் மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தனர். வாக்களிக்கச் செய்ய அதிகாரிகள் முயன்றபோது மோதல் மூண்டு, வாக்குப்பதிவு இயந்திரம் நொறுக்கப்பட்டது. ஏப்ரல் 29 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. வன்முறையை நியாயப்படுத்த முடியாது. குடிநீர் அங்கே எவ்வளவு பெரிய அரசியல் என்பதை அது காட்டிவிட்டது.

இத்தகைய கிராமங்களுக்கென மத்திய அரசு இரு பெரும் திட்டங்களை வைத்திருக்கிறது. 2016-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம், சமவெளிப் பகுதிகளில் 1.20 லட்சம் ரூபாயும், மலை மாநிலங்களிலும் கடினமான பகுதிகளிலும் 1.30 லட்சம் ரூபாயும் வழங்குகிறது. இதில் ஒப்பந்ததாரர்களுக்கு இடமில்லை. பயனாளியே வீட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். இடைத்தரகர்களை ஒதுக்கும் நோக்கில் இது சரியான விதிதான். ஆனால் கட்டியவரும் குடியிருப்பவரும் ஒருவரே ஆகிவிட்டால், கசிவுக்கு யார்மீது வழக்குத் தொடுப்பது?

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீரைக் குழாய் வழியே வீட்டுக்குக் கொண்டுவருவதாகும். ஊருக்குள் அமையும் குழாய்களுக்கான செலவில் கிராமத்தினர் 10 சதவீதமும், மலை மற்றும் வனப்பகுதிகளில் 5 சதவீதமும் பங்களிக்க வேண்டும், உழைப்பாகவும் தரலாம். பராமரிப்பு ஊராட்சியையும் அதன் குடிநீர்க் குழுவையும் சார்ந்தது. குழாய் பதித்த ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தாலும், அந்தத் தாளைப் பயனாளி பார்ப்பதே இல்லை.

கூலி கொடுத்து அமர்த்திய ஒப்பந்ததாரரோ குழாய்த் தொழிலாளியோ குறைபட வேலை செய்திருந்தால், வழி இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என்று 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு அமைப்பும் இதற்கு விலக்கல்ல என்று கூறிய நீதிபதிகள், மக்களை அலைக்கழித்த அதிகாரிகளிடமிருந்தே இழப்பீட்டுத் தொகையை வசூலிக்கலாம் என்றனர். அரசு அலுவலகங்களில் சுவரில் எழுதி வைக்கத்தக்க தீர்ப்பு அது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, 2 ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாவிட்டால் கட்டணமும் இல்லை. தேவைப்படுவது சான்று. கொத்தனாரிடம் ரசீது கேட்கும் வழக்கம் நம்மிடம் எங்கே இருக்கிறது?

ஜல் ஜீவன் திட்டம் 2028 வரை நீட்டிக்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். கட்டமைப்பின் தரத்துக்கும் பராமரிப்புக்கும் முக்கியத்துவம் தரப்படும் என்றும், மாநிலங்களுடன் தனித்தனியே புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் செய்யப்படும் என்றும் கூறினார். தெருக் குழாய் எங்கே முடிகிறது, வீட்டு இணைப்பு எங்கே தொடங்குகிறது, முதல் சில ஆண்டுகளின் கசிவை யார் செலவில் அடைப்பது என்ற மூன்றையும் அந்த ஒப்பந்தங்களில் எழுதி, ஊராட்சி அலுவலகத்தில் கன்னடத்திலும் தமிழிலும் ஒட்டிவிட்டால் போதும். மலைக் கிராமத்தவர் புகார் மனுவுடன் மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏறும் செலவாவது மிஞ்சும்.