கிட் கார்சனும் அவன் குடும்பமும்

அமெரிக்க எல்லைப்புற வரலாற்றிற் கிட் கார்சன் என்னும் பெயர் பெற்ற புகழ் பெரிது. நெவாடா மாநிலத்தில் ஓர் ஆறும் ஒரு நகரும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. காட்டுவழி கண்ட பெருவீரன் எனச் சிலரும், செவ்விந்தியரை வேரறுத்த கொடியோன் எனச் சிலரும் அவனைக் கூறுவர். இரு திறத்தாரும் அவன் வீட்டினுட் புகுந்து பார்த்தாரல்லர். மனைவியரும் மக்களும் யாவரென நோக்குமிடத்து, அவன் வாழ்க்கை இவ்விரு கூற்றினுள்ளும் முற்றாக அடங்காமை புலனாகும்.

கிறிஸ்தோபர் ஹூஸ்டன் கார்சன் 1809 ஆம் ஆண்டு டிசெம்பர் 24 ஆந் திகதி கெந்தக்கியிற் பிறந்தான். தந்தைக்கு இரு மனைவியர் வழி மக்கள் 15 பேர். குடும்பம் மிசூரிக்குப் பெயர்ந்தபின், 1818 இல், காடு வெட்டுகையில் மரக்கிளை வீழ்ந்து தந்தை மாண்டான். மகனின் படிப்பு அத்துடன் நின்றது. தன் பெயரைக் கையொப்பமாக இடுவதற்கு மேல் எழுத்தறிவு அவனுக்கு இறுதிவரை வாய்க்கவில்லை. ஆயினும் ஸ்பானிய மொழியும் பிரெஞ்சும் செவ்விந்திய மொழிகள் சிலவும் பேச வல்லனாயினான். சேணந் தைப்போன் ஒருவனிடம் தொழில் பழக விடப்பட்டவன் 1826 இல் ஓடிப்போனான். அவனைப் பிடித்துத் தருவோர்க்கு எசமான் பத்திரிகையில் அறிவித்த வெகுமதி ஒரு சதம். பையன் பிடிபடாதிருக்கட்டும் என்னும் நல்லெண்ணமே அச்சதத்தின் பொருள் போலும்!

ஓடியவன் நியூ மெக்சிக்கோவிலுள்ள தாவோஸ் என்னும் ஊரை அடைந்தான். அந்நாளில் அது மெக்சிக்கோ நாட்டுக்குரியது. அங்கிருந்து மலைநாடு சென்று, தொப்பி செய்வதற்கு வேண்டப்பட்ட பீவர் என்னும் விலங்கின் தோலுக்காகப் பொறிவைத்துத் திரிந்தான். அவ்வாழ்க்கையில் அவன் மணந்தவள் அரப்பாகோ இனத்துப் பெண்ணாகிய வானிபே. 1837 இல் அடலைன் என்னும் மகள் பிறந்தாள். இரண்டாம் பிள்ளை பிறந்தபின் வானிபே இறந்தாள். அப்பிள்ளையும் குழந்தைப் பருவத்திலேயே தாவோசில் மாண்டது. பின்னர் ஒரு செயென் இனத்துப் பெண்ணோடு கொண்ட மணவாழ்வு நெடுநாள் நிலைக்கவில்லை; அவளே அவனை விலக்கிவிட்டாள். தாயற்ற அடலைனைக் கல்வி பெறுமாறு 1842 இல் மிசூரியிலிருந்த உறவினரிடம் ஒப்படைத்தான். எழுத்தறியாத் தந்தை மகளைப் பள்ளிக்கு அனுப்பியமை ஈண்டுக் கருதத்தக்கது.

அப்பயணத்தின்போதே, மிசூரி ஆற்றுக் கப்பலொன்றில், நிலவளம் ஆராயப் புறப்பட்ட படையதிகாரி பிரெமொன்றை அவன் சந்தித்தான். பிரெமொன்றின் மூன்று பயணங்களுக்குக் கார்சனே வழிகாட்டி. அரசு அச்சிட்ட பயண அறிக்கைகள் அவனை நாடறியச் செய்தன. கதைகாரர் எஞ்சியதைச் செய்தனர்.

1843 பெப்புருவரியில் அவன் ஜொசெபா ஹராமியோ என்பாளைத் தாவோசில் மணந்தான். அவன் 33 வயதினன். அவள் 14 வயதினள். திருமணத்தின் பொருட்டுக் கத்தோலிக்கனும் ஆனான். அவள் தமக்கை இக்னாசியாவின் கணவன் சாள்ஸ் பென்ற், அமெரிக்கர் அந்நாட்டைக் கைப்பற்றியபின் அதன் ஆள்பதியானவன். 1847 சனவரியில் தாவோஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து பென்றை அவன் வீட்டிலேயே கொன்றனர். மண்சுவரைத் துளைத்து அடுத்த வீட்டுக்குத் தப்ப முயன்ற பெண்களுள் ஜொசெபாவும் ஒருத்தி. சகலன் கொலையுண்ட வேளையிற் கார்சன் கலிபோர்னியாவில் இருந்தான். அவள் மணவாழ்வின் பெரும்பகுதி இத்தகைய காத்திருப்பே.

புகழின் இயல்பைக் காட்டும் நிகழ்ச்சி 1849 இல் நேர்ந்தது. அப்பாச்சி இனத்தார் சிறைகொண்ட ஆன் வைற் என்னும் பெண்ணை மீட்கச் சென்ற படைக்கு அவன் வழிகாட்டினான். பாசறையை அடைந்தபோது அவள் அப்பொழுதே கொல்லப்பட்டுக் கிடந்தாள். அங்கு ஒரு நூலும் கிடைத்தது. செவ்விந்தியரை நூற்றுக்கணக்காகக் கொல்லும் வீரனாகக் கார்சனைப் புனைந்துரைத்த நூல் அது. அதைப் படித்து, அவன் வந்து காப்பான் என்று அவள் நம்பியிருப்பாளோ என்னும் எண்ணம் அவனைப் பின்னரும் வருத்தியது.

1854 முதல் 1861 வரை யூற் இனத்தார்க்கான அரசின் முகவராயிருந்தான். அவர்களால் மதிக்கவும் பட்டான். உள்நாட்டுப் போர் மூண்டபின் கேணலானான். ஜெனரல் கார்ல்ற்றன் நவாகோ இனத்தாரை அவர்தம் நிலத்தினின்று அகற்றத் துணிந்தபோது அப்பணி கார்சனுக்கு விதிக்கப்பட்டது. 1863 பெப்புருவரியில் அவன் பதவி விலக எழுதிய மடலைக் கார்ல்ற்றன் ஏற்றிலன். அதன்பின் ஏவலை ஒருபடியாக நிறைவேற்றினான். சோளக் கொல்லைகள் எரிக்கப்பட்டன, ஆட்டுமந்தைகள் கவரப்பட்டன, 1864 இல் டெஷே பள்ளத்தாக்கிலிருந்த பீச் மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டி வீழ்த்தப்பட்டன. வாளினும் பசியே அம்மக்களைப் பணியச் செய்தது. எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் 300 மைலளவு நடத்திச் செல்லப்பட்டு, பெக்கோஸ் ஆற்றங்கரையில் உவர்நீருக்கும் நோய்க்கும் விடப்பட்டனர். மிகப் பலர் மாண்டனர். ஏவியவன் கார்ல்ற்றன் என்பது உண்மை. ஆயினும் செய்தவன் கார்சன் என்பதை அது மாற்றாது.

இவ்வாறிருக்க, அவன் வீட்டிலேயே ஒரு நவாகோச் சிறுவன் வளர்ந்தான். யூற் இனத்தார் சிறைபிடித்துவந்த அவனை ஜொசெபா ஒரு குதிரையை விலையாகக் கொடுத்து மீட்டாள் என்பர். ஹுவான் கார்சன் எனப் பெயரிட்டுத் தம் பிள்ளைகளோடு வளர்த்தனர். சிறைப்பட்ட பிள்ளைகளை விலைக்கு வாங்கி வேலைக்கு வைத்தல் நியூ மெக்சிக்கோவில் அக்காலத்துப் பெருவழக்கு. ஹுவானோ மகனைப் போலவே நடத்தப்பட்டான் என்பது குடும்பத்தார் கூற்று. அவ்வீட்டுத் தலைவனே அச்சிறுவனின் இனத்தாரை ஊரினின்று துரத்தியவன்.

1868 இன் தொடக்கத்திற் கார்சன் நோயுற்ற உடலோடு யூற் தலைவர்களுடன் வாஷிங்ரன் சென்று, அவர்தம் உடன்படிக்கைக்குத் துணைநின்று மீண்டான். ஏப்பிரலில் ஜொசெபா ஒரு பெண்மகவைப் பெற்றுச் சில நாளில் இறந்தாள். அவன் மே 23 ஆந் திகதி லையன் கோட்டையில் நாடிக்குழாய் வெடித்து மாண்டான். அநாதைகளான பிள்ளைகளை இக்னாசியாவின் மகள் ருமால்டாவும் அவள் கணவன் தொமஸ் பொக்சும் பொறுப்பேற்றனர். இருவர் உடலும் பின்னர் தாவோசுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடக்கஞ் செய்யப்பட்டன.

அவன் இறந்து ஒன்பது நாட் கழித்து, 1868 யூன் 1 ஆந் திகதி, நவாகோத் தலைவர்கள் தாம் ஊர் திரும்புதற்குரிய உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். அம்மாத நடுப்பகுதியில் அவர்கள் மேற்கு நோக்கிப் புறப்பட்டபோது, அவ்வரிசை ஏறத்தாழ 10 மைல் நீண்டிருந்தது.