நாற்பது நாளில் நானூறு பாட்டு

நேற்றுச் சாயங்காலம் மாடி வீட்டுப் பெண் கையில் ஒரு நோட்டீசோடு வந்தாள். எம்.ஏ. தமிழ் முடித்து ஒரு வருடம் ஆகிறது. கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான ‘நெட்’ தேர்வு எழுதப்போகிறாள்.

“ஐயா, நாற்பது நாள் கிராஷ் கோர்ஸாம். நூறு சதவீதம் பாஸுன்னு போட்டிருக்காங்க. சேரலாமா?”

டீ கொதித்துக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தோம்.

அந்த நூறு சதவீதத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். எழுதுகிறவர்களில் சுமார் 6 சதவீதம் பேரைத்தான் உதவிப் பேராசிரியர் தகுதி பெற்றவர்களாக அறிவிப்பது என்பது தேர்வின் விதி. எல்லாக் கோர்ஸும் நூறு சதவீதம் என்றால் மிச்சம் 94 பேர் எங்கே படித்தார்கள்?

தேர்வு மூன்று மணி நேரம், கணினியில். முதல் தாள் பொது, 50 கேள்வி. இரண்டாம் தாள் தமிழ், 100 கேள்வி. கேள்விக்கு இரண்டு மார்க், தப்புக்குக் கழிவு கிடையாது, நடுவில் இடைவேளையும் கிடையாது. கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 72 விநாடி. முன்பெல்லாம் மூன்றாம் தாள் என்று ஒன்று இருந்தது, உட்கார்ந்து கட்டுரை எழுத வேண்டும். 2012-இல் அதையும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாற்றினார்கள். 2018-இல் அந்தத் தாளையே எடுத்துவிட்டார்கள். கிராஷ் கோர்ஸுகளுக்குத் தோதான இடம் அங்கேதான் கிடைத்தது. கட்டுரை எழுதும் கையை நாற்பது நாளில் பழக்க முடியாது. நாலு விடையில் ஒன்றைக் குத்துவதற்குப் பழக்கலாம்.

“அப்போ கோர்ஸ் ஏமாத்து வேலையா ஐயா?”

அப்படிச் சொல்லவில்லை. அவள் பையில் இருந்த மெட்டீரியலை வாங்கிப் பார்த்தேன். ஜெராக்ஸ் தாளில் கட்டம் கட்டமாக: களிற்றியானை நிரை 120, மணிமிடை பவளம் 180, நித்திலக்கோவை 100. அகநானூற்றின் மூன்று பகுதிகள். மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

“46-ஆம் பாட்டு என்ன திணை?” என்றேன்.

விழித்தாள். அந்தக் கட்டத்தில் அது இல்லை. ஆனால் இதற்கு மனப்பாடமே வேண்டாம். அகநானூற்றைத் தொகுத்தவர்கள் பாட்டின் எண்ணிலேயே திணையை வைத்துவிட்டார்கள். ஒற்றைப்படை எண் என்றால் பாலை. 2 அல்லது 8-இல் முடிந்தால் குறிஞ்சி. 4-இல் முடிந்தால் முல்லை, 6-இல் முடிந்தால் மருதம், சுழியில் முடிந்தால் நெய்தல். ஆக, 46 மருதம். பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் 40, 40, 40. கூட்டிப் பார் என்றேன். விரல்விட்டுக் கூட்டினாள், நானூறு வந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம். இந்த மாதிரி ஒன்றை ஐந்து நிமிடத்தில் கையில் கொடுக்கிற ஆசிரியர் கிடைத்தால் கோர்ஸுக்குக் கட்டிய காசு வீண் இல்லை.

அடியளவும் அப்படித்தான். ஐங்குறுநூறு 3 முதல் 6 அடி, குறுந்தொகை 4 முதல் 8, நற்றிணை 9 முதல் 12, அகநானூறு 13 முதல் 31. அகநானூற்றுக்கு நெடுந்தொகை என்று இன்னொரு பெயர் உண்டு. ‘குறு’வும் ‘நெடு’வும் பெயரிலேயே இருக்கும்போது எதற்குத் தனியாக ஒரு ‘ஷார்ட்கட்’ பாட்டு கட்டுகிறார்களோ தெரியவில்லை.

மாட்டிக்கொள்கிற இடம் கூற்று–காரணக் கேள்வி. ‘கூற்று: பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. காரணம்: முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகும்.’ இரண்டும் சரியா, ஒன்று மற்றதற்கு விளக்கமா என்று கேட்பார்கள். பாலைப் பாட்டில் பத்தையாவது உரையோடு படித்தவளுக்கு இது கேள்வியே இல்லை. கட்டத்தை மட்டும் படித்தவளுக்கு நாலு விடையும் ஒரே மாதிரித் தெரியும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

கால வரிசைக் கேள்வியும் அதே கதை. உ.வே.சா.வின் பதிப்புகளை வரிசைப்படுத்து என்றால் 1887, 1889, 1892, 1894, 1898 என்று எண்ணாகத் தின்றால் செரிக்காது. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று அவரைக் கேட்டதிலிருந்து தொடங்கு. அந்தச் சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் மேற்கோள் மேற்கோளாக வருகிறதே, அவை எந்த நூலில் இருந்து வந்தவை என்று தேடப்போனவருக்குப் பழைய நூல்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. சிந்தாமணி முதலில் அச்சேறியது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. கதையாகக் கேட்டால் வரிசை மறக்காது. கிராஷ் கோர்ஸில் கதை சொல்ல நேரம் இல்லை என்பார்கள். எனக்கென்னவோ, கதை சொல்லாததால்தான் நேரம் போதவில்லை என்று தோன்றுகிறது.

இன்னொன்று, தமிழ் மாணவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் தமிழில் இல்லை, முதல் தாளில். அதன் கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். சதவீதக் கணக்கு, தருக்கம், அட்டவணையைப் படித்து விடை சொல்வது, ஆய்வுமுறை. பத்தாம் வகுப்போடு கணக்கை மறந்தவர்களுக்கு இங்கேதான் வாத்தியார் வேண்டும். ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். வாங்க இரண்டு தாள் மார்க்கையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, விளையாட்டில்லை. கோர்ஸுக்குக் காசு கட்டுவதென்றால் முதல் தாளுக்குக் கட்டு என்று சொன்னேன்.

டீ ஆறிப்போயிருந்தது. “அப்போ இப்ப என்ன செய்யட்டும் ஐயா?”

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பழைய வினாத்தாள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒன்றை எடுத்து, செல்போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் எழுதிப் பாருங்கள். பொதுப் பிரிவுக்குக் குறைந்தபட்சத் தகுதி 40 சதவீதம், அதாவது 150 கேள்வியில் 60 சரி. அது வந்தால் கோர்ஸில் சேருங்கள், கடைசி நாற்பது நாளில் உங்களுக்குத் தெரிந்ததை அது வரிசைப்படுத்திக் கொடுக்கும். வராவிட்டால் அந்தக் காசுக்கு நல்ல உரைநூல்களாக வாங்கிக்கொண்டு, அடுத்த தேர்வை எழுதுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறது.