மதுப் பள்ளத்தாக்கின் மேலே மது தொடாத ஒரு கிராமம்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டோம். மச்சான் வாகனத்தை ஓட்டினார். பின் ஆசனத்தில் என் தங்கையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். சான் பிரான்சிஸ்கோ குடாவுக்கு அருகே வசிக்கும் அவர்களைப் பார்க்க வந்திருந்த என்னை, நாபா மலையிலுள்ள அங்வின் என்ற கிராமத்துக்கு அழைத்துச் சென்றார்கள். தங்கை ஆய்வுகூட உதவியாளராகப் பணிபுரியும் வைத்தியசாலையில் முன்பு தாதியாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி அங்கே இருக்கிறார். "உன் நாநா வந்தால் கட்டாயம் கூட்டிவா" என்று அவர் சொல்லியிருந்தாராம்.

இது வெளியே சொன்ன காரணம். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. மச்சான் ஒரு கணக்காளர். அவர் வேலை செய்த கம்பனி ஆட்குறைப்புச் செய்ததால் ஏழு மாதமாக வேலையில்லை. இப்போது நாபாவிலுள்ள வைன் கம்பனியொன்று அவரை அழைத்திருக்கிறது. முன்னைய சம்பளத்தை விட அதிகம். "நான் வைனைத் தொடப் போவதில்லை, கணக்குத்தானே எழுதப் போகிறேன். நீங்கள் மௌலவி, ஒரு முடிவு சொல்லுங்கள்" என்று வந்த அன்றே கேட்டுவிட்டார். மஸ்அலா எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த வீட்டின் வாடகை முழுவதும் என் தங்கையின் சம்பளத்திலிருந்து போவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். "இரண்டு நாள் பொறுங்கள் மச்சான்" என்று மட்டும் சொன்னேன்.

திராட்சைத் தோட்டங்களின் ஊடே

நாபா பள்ளத்தாக்கு சுமார் 48 கிலோமீற்றர் நீளமானது. 29ஆம் இலக்க நெடுஞ்சாலை அதன் நடுவே செல்கிறது. இரு புறமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை திராட்சைக் கொடிகள். கம்பியில் படரவிட்டு, வாரி சீவியதுபோல் வரிசை வரிசையாக வளர்த்திருக்கிறார்கள். யௌன்ட்வில், ஓக்வில், ரதர்போர்ட், சென்ற் ஹெலினா என்று சிறு ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஏறக்குறைய ஒவ்வொரு வாசலிலும் வைன் ருசிபார்க்க அழைக்கும் பலகை தொங்குகிறது.

கலிபோர்னியாவின் வைனில் சுமார் 4 சதவீதமே இங்கு உற்பத்தியாகிறது. ஆனால் பெயரும் விலையும் இந்தப் பள்ளத்தாக்குக்குத்தான். 1976ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த ஒரு போட்டியில் பிரான்ஸின் வைன்களை நாபாவின் வைன்கள் வென்றன. அதன் பின்னர் உலகமே இங்கு திரும்பிப் பார்த்தது. அதற்கு முன்பே, 1968இல், விவசாய நிலத்தைத் துண்டு துண்டாக்கி வீடு கட்டுவதைத் தடுக்கும் ஏற்பாட்டை இம்மாவட்டம் செய்துகொண்டது. அமெரிக்காவில் அத்தகைய ஏற்பாடு அதுவே முதலாவது. நகரம் இத்தனை அருகிலிருந்தும் பசுமை அழியாதிருப்பதற்கு அது ஒரு காரணம்.

"மாமா, திராட்சை ஹலால்தானே? அல்லாஹ் குர்ஆனில் அதைச் சொல்லியிருக்கிறான்தானே?" என்று பத்து வயது மருமகள் கேட்டாள். ஆம், சுவனத்தின் வர்ணனையிலும் திராட்சை வருகிறது. ஸூரத்துந் நஹ்லின் 67ஆம் வசனத்தில், பேரீத்தம் பழத்திலிருந்தும் திராட்சையிலிருந்தும் மனிதர்கள் போதையையும் எடுக்கிறார்கள், நல்ல உணவையும் எடுக்கிறார்கள் என்று அல்லாஹ் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறான். பழம் ஒன்றுதான் மகளே, மனிதன் அதை எந்தப் பக்கம் கொண்டுபோகிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்றேன். மச்சான் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மலைமேல் ஒரு மறு உலகம்

சென்ற் ஹெலினாவைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் டீயர் பார்க் வீதி மலையேறுகிறது. வளைவுகள் கூடக் கூடத் தோட்டங்கள் குறைந்து, பைன் மரங்களும் ரெட்வூட் மரங்களும் வருகின்றன. சுமார் 1,700 அடி உயரத்தில், ஹோவெல் மலையின் மேல் அங்வின் கிராமம் இருக்கிறது. அதற்கு மாநகர சபையோ மேயரோ கிடையாது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 2,633 பேர். ஒரு கல்லூரி, ஒரு பெரிய தேவாலயம், பாடசாலை, தபால் நிலையம், மரநிழலில் எளிமையான வீடுகள். கீழே கண்ட பலகைகள் எதுவும் இங்கில்லை.

முன்பு எட்வின் அங்வின் என்பவர் இங்கே கோடைகால விடுதியொன்றை நடத்தினார். 1909இல் அதை அட்வென்டிஸ்ட் சபையினர் வாங்கி, 1882இல் ஹீல்ட்ஸ்பர்க் நகரில் ஆரம்பித்திருந்த தங்கள் கல்லூரியை இங்கு கொண்டுவந்தார்கள். அதுவே பசுபிக் யூனியன் கல்லூரி. கண்டி வாவிக்கரையிலுள்ள அட்வென்டிஸ்ட் வைத்தியசாலையை நம்மிற் பலர் அறிவர். அதே சபையினர்தான் இவர்களும்.

இவர்கள் கிறிஸ்தவர்கள். அகீதாவில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு பெரியது, அதை மூடிமறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இவர்களது சபை மதுவையும் புகையையும் விலக்குகிறது. பன்றி இறைச்சியை உண்பதில்லை. பலர் இறைச்சியே உண்பதில்லை. கலிபோர்னியாவின் அட்வென்டிஸ்டுகளை ஆராய்ந்து 2001இல் வெளியான ஆய்வொன்று, அம்மாநிலத்தின் ஏனையோரை விட அவர்களில் ஆண்கள் 7 ஆண்டுகளும் பெண்கள் 4 ஆண்டுகளும் கூடுதலாக வாழ்வதாகக் காட்டியது.

சூரியன் மறைய முன்

மூதாட்டியின் வீட்டை அடையும்போது அஸர் நேரம் கடந்துகொண்டிருந்தது. அவரும் கணவரும் வாசலுக்கே வந்து வரவேற்றார்கள். வீட்டில் ஒரு சுறுசுறுப்பு. சமையல் முடிந்து, தரை துடைத்து, உடுப்பு மடித்து, எல்லாம் சூரியன் மறைய முன் தீர வேண்டும். வெள்ளி மாலை சூரியன் மறைந்ததிலிருந்து சனி மாலை வரை இவர்களது ஓய்வுநாள். அந்த நேரத்தில் தொழில் இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. கல்லூரியும் வாசிகசாலையும் மூடப்பட்டுவிடுகின்றன.

நமது ஜும்ஆ நாள் அப்படிப்பட்டதல்ல. தொழுகை முடிந்தால் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடும்படியே நமக்குக் கட்டளை. ஆயினும் தொழுகைக்கு அழைப்பு விடுக்கப்பட்டதும் வியாபாரத்தை விட்டுவிட வேண்டும் என்பதும் கட்டளைதானே? பாங்கு சொல்லி முடிந்த பிறகும் பாதிக் கதவு திறந்திருக்கும் கடைகளை நினைத்துக்கொண்டேன்.

மஃரிப் தொழ ஓர் அறையை ஒதுக்கித் தந்தார்கள். ஊரில் நாம் மேற்கு நோக்கித் தொழுகிறோம். இங்கே கிப்லா வடகிழக்கு. அந்த முதியவர் மேசையை நகர்த்தி, சுவரிலிருந்த படத்தைக் கழற்றி, "இப்போது சரியா?" என்று கேட்டார்.

இரவு உணவுக்கு வைக்கோற்போர் என்று பொருள்படும் 'ஹேஸ்டேக்' என்ற உணவு. சோளச் சிப்ஸின் மேல் அவித்த பீன்ஸ், தக்காளி, சலாது இலை, சீஸ் என்று அவரவர் அடுக்கிக்கொள்ள வேண்டும். குடிக்கத் திராட்சைச் சாறு. நான் கிண்ணத்தைப் பார்த்துத் தயங்கியதைக் கண்ட மூதாட்டி சிரித்தார். "புளிக்காதது. எங்கள் தேவாலயச் சடங்கிலும் இதைத்தான் பாவிக்கிறோம்" என்றார். சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காக்கும் முறையை 1869இல் வெல்ச் என்ற அமெரிக்கர் கண்டதே தேவாலயச் சடங்கில் வைனைத் தவிர்ப்பதற்காகத்தான். நமது நபி (ஸல்) அவர்களுக்கும் பேரீத்தம் பழத்தை, உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துக் கொடுப்பார்கள். ஓரிரு நாள் அருந்துவார்கள். மூன்றாம் நாளுக்குப் பின் அதை வைத்திருக்க மாட்டார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நமது ஊரின் வெப்பத்தில் இவ்வாறு ஊறவைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நுரையும் போதையின் அறிகுறியும் கண்டால் கொட்டிவிடுவதே வழி.

சட்டம் செய்யாததை வீடு செய்தது

உணவின்போது முதியவர் ஊரின் கதையைச் சொன்னார். கல்லூரி நடத்திய கடையில் மது, சிகரெட், இறைச்சி எதுவும் விற்றதில்லையாம். 1983இல் இந்த மலையும் தனிப்பெயர் கொண்ட வைன் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. கிராமத்தைச் சுற்றிலும் கொடிகள் ஏறின. கல்லூரிக்குப் பணமுடை வந்தபோது பல நூறு வீடுகள் கட்டும் திட்டமொன்று எழுந்தது. ஊரார் பலர் எதிர்த்தார்கள். 2010இல் அது கைவிடப்பட்டது. பின்னர், 2018இல், கல்லூரிக்குச் சொந்தமான 864 ஏக்கர் காட்டை நிரந்தரமாகக் காடாகவே வைத்திருக்கும் ஒப்பந்தம் செய்து, அதற்கான தொகையைப் பெற்றுக்கொண்டார்கள். 2020இல் ஓகஸ்ட், செப்டெம்பர் இரு மாதங்களிலும் காட்டுத்தீயால் ஊர் முழுவதும் வெளியேற நேர்ந்தது. இரண்டாவது தீ 67,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. கிராமம் தப்பியது.

எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மது சட்டத்தால் தடை செய்யப்பட்டிருந்தது. இப்பள்ளத்தாக்கின் மதுசாலைகள் பல மூடப்பட்டன. சில, தேவாலயச் சடங்குக்கென்று அனுமதி பெற்றுத் தொடர்ந்து நடந்தன. கள்ளச்சாராயம் பெருகியது. அவ்வளவு பெரிய அரசு, 13 ஆண்டுகளில் தோற்று, சட்டத்தையே நீக்கியது. ஆனால் அதே நாட்டில், மதுவின் நடுவிலேயே, ஒரு சிறு கிராமம் நூறாண்டுக்கு மேலாகத் தன் வழக்கத்தைக் காத்திருக்கிறது. பொலிஸார் காத்துக் கொடுத்ததல்ல இது. சமையலறையும் பாடசாலையும் வாரத்தில் ஒரு மாலையும் காத்துக் கொடுத்தவை.

ஆயிஷா (ரழி) அன்னையவர்கள் இதன் இரகசியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் சுவனம், நரகம் பற்றிய வசனங்களே இறங்கின. உள்ளங்கள் நிலைபெற்ற பின்னரே ஹலாலும் ஹராமும் இறங்கின. எடுத்த எடுப்பிலேயே மது அருந்தாதீர்கள் என்று இறங்கியிருந்தால் மக்கள் ஒருபோதும் விடமாட்டோம் என்றிருப்பார்கள் என்ற கருத்தில் அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. அதனால்தான் தடை வந்த நாளில் மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. உள்ளம் முன்பே தயாராகியிருந்தது.

மூதாட்டியின் மகன்

பிள்ளைகள் உறங்கிய பின்னர் மூதாட்டி தாமாகவே ஒன்றைச் சொன்னார். அவருடைய இளைய மகன் கீழே பள்ளத்தாக்கில் ஒரு வைன் கம்பனியில்தான் வேலை செய்கிறானாம். "நாங்கள் விரும்பவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அவன் பணத்தை நாங்கள் தொடுவதில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் அவன் தட்டை மேசையில் வைக்காமல் விட்டதுமில்லை. கதவைச் சாத்தியிருந்தால் இரண்டையும் இழந்திருப்போம்" என்றார்.

ஒன்றை ஹராம் என்று சொல்வதும், செய்தவனை வெறுத்து ஒதுக்குவதும் ஒன்றல்ல. இவ்விரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் வாசற்படி மிதிக்காமல் போய்விட்டார்கள்!

ஸுபஹுக்கு முன்னர்

ஸுபஹுத் தொழுகைக்கு எழுந்து வெளியே வந்தபோது, தூரத்துச் சரிவில் விளக்குகள் அசைவதைக் கண்டேன். திராட்சை பறிக்கிறார்கள். வெயில் ஏறினால் பழம் சூடாகிவிடும் என்பதால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இரவிலேயே அறுவடை செய்கிறார்கள். பெரும்பாலானோர் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்கள். பகலில் ருசிபார்க்க வருபவர்கள் இவர்களைக் காண்பதில்லை.

மச்சானும் வந்து பக்கத்தில் நின்றார். "இப்போதாவது சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். மதுவோடு தொடர்புடைய பத்துப் பேர் சபிக்கப்பட்டதாகத் திர்மிதி, இப்னு மாஜா கிரந்தங்களில் வருகிறது. பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர் என்று அப்பட்டியல் நீள்கிறது. கணக்காளர் என்ற சொல் அதில் இல்லை. ஆனால் பாவத்தில் ஒத்துழைக்க வேண்டாம் என்று ஸூரத்துல் மாஇதாவின் இரண்டாம் வசனம் தடுக்கிறது. விற்பனையைக் கணக்கு வைத்து இலாபத்தைப் பெருக்குவது ஒத்துழைப்பல்லாமல் வேறென்ன? அது கூடாது மச்சான் என்றேன்.

அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பின்னால் நின்றிருந்த தங்கைதான் பேசினாள். "நாநா, நீங்க சொன்னது சரி. எனக்கும் அந்தக் காசு வேணாம். ஆனா ஏழு மாசமா இரவு வேலையும் சேர்த்துப் பாக்கிறது நான். இன்னும் எத்தன மாசம் எண்டு அதையும் சொல்லுங்க."

என்னிடம் பதில் இல்லை. வாகனத்தில் திரும்பும்போது வழி முழுவதும் அந்தக் கேள்விதான் என் காதில் இருந்தது. அக்காலத்து நல்ல மனைவியர், வீட்டை விட்டுப் புறப்படும் கணவனிடம், பசியைத் தாங்குவோம், நரகத்தைத் தாங்க மாட்டோம், ஹராமைக் கொண்டுவராதீர்கள் என்று சொல்வார்கள் என நாம் மேடைகளில் பேசுகிறோம். நானும் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். அந்தப் பசியை யார் சுமப்பது என்று நான் கேட்டுப் பார்த்ததில்லை. ஹராம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. அதைச் சுமக்கப் போகிறவள் என் தங்கை.

ஊர் திரும்பியதும் சகோதரர்கள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். மாதாமாதம் ஆளுக்கொரு தொகை அனுப்புவதென்று முடிவு செய்தோம். டொலருக்கு மாற்றினால் அது பெரிய தொகையல்ல. ஆனால் "இரவு வேலையில் இரண்டு நாளைக் குறைத்துவிட்டேன் நாநா" என்று தங்கை தொலைபேசியில் சொன்னாள். மச்சான் அந்த வேலையை மறுத்துவிட்டார். பாடசாலைக் கந்தோரொன்றில் தற்காலிக வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் குறைவு. நிரந்தர வேலையை இன்னும் தேடுகிறார்.

சகோதரிகளே! அந்த மலைக் கிராமத்தார் தனித்தனி மனிதர்களாக நின்று மதுவை வெல்லவில்லை. கடை, பாடசாலை, அயலவர் என்று எல்லோருமாகச் சேர்ந்து ஒருவரையொருவர் தாங்கினார்கள். உங்கள் குடும்பத்தில், உங்கள் தெருவில், ஹலாலுக்காக ஒரு நல்ல வேலையை விட்டுவிட்ட வீடு இருந்தால், பாராட்டோடு நின்றுவிடாதீர்கள். அந்த வீட்டு அடுப்பையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அல்லாஹ்வுக்காக ஒன்றை விட்டவருக்கு அதைவிடச் சிறந்ததை அல்லாஹ் கொடுப்பான். அது நம் கைகளின் வழியாகப் போய்ச் சேரும் பாக்கியத்தை அவன் நமக்கு அருள்வானாக. ஆமீன்.