ஆங்கிலம் தொலைத்த 'நீ'

'ஹி இஸ்', 'ஷி இஸ்' என்று படித்துவந்த பிள்ளை, 'யூ இஸ்' என்று எழுதினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. எதிரே நிற்பது ஒரே ஆள். அவருக்கு ஏன் 'ஆர்' என்ற பன்மை வினை? ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துவாரே தவிர, காரணம் சொல்ல மாட்டார். காரணம் இதுதான்: 'யூ' என்பது 'நீ' அல்ல, 'நீங்கள்'. ஆங்கிலத்தின் 'நீ' வேறொரு சொல்: 'தௌ'. பொதுவழக்கில் அது மறைந்து முந்நூறு ஆண்டுகள் ஆகின்றன.

பழைய ஆங்கிலம் இந்த விஷயத்தில் மிகவும் கறாரான மொழி. ஒருமை, பன்மை போதாதென்று, சமஸ்கிருதத்தைப் போல இருமையும் வைத்திருந்தது. 'நீங்கள் இருவரும்' என்பதற்குத் தனிச்சொல், 'நாம் இருவரும்' என்பதற்கு இன்னொன்று. 1300ஐ ஒட்டி அவை மறைந்தன. அதற்கு முன்பே, 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், அரண்மனையில் பிரெஞ்சு கோலோச்சத் தொடங்கியிருந்தது. பெரியவர் ஒருவரையே பன்மையில் விளிப்பது பிரெஞ்சு மரியாதை. அது மெல்ல ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டது. 'நீங்கள்' என்ற பன்மையையே மரியாதைக்கும் வைத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஷேக்ஸ்பியர் காலத்தில் இரண்டு சொற்களும் உயிரோடு இருந்தன. அவர் அவற்றை வைத்து ஆடிய ஆட்டம்தான் அலாதி. ஹாம்லெட் தன் தாயின் அறைக்குள் வருகிறான். சிற்றப்பனை மணந்துகொண்டு, அவனையே இவனுக்குத் தகப்பனாக்கியிருக்கிறாள் தாய். 'உன் தகப்பன் மனத்தைப் புண்படுத்திவிட்டாய்' என்ற பொருளில் 'தௌ' போட்டுப் பேசுகிறாள். மகன் அதே வாக்கியத்தைத் திருப்பி அவள் முகத்தில் எறிகிறான், 'யூ' என்று. மகன் விலகிவிட்டான் என்பது அவளுக்கு உறைக்கிறது. அடுத்த வரியில் அவளும் 'யூ'வுக்கு மாறுகிறாள். ஓர் எழுத்துகூட மேடைக்குறிப்பு தேவைப்படவில்லை. ஜூலியட் இதற்கு நேரெதிர். விருந்தில் ரோமியோவை முதன்முதலாகப் பார்க்கும்போது 'யூ'. அன்றிரவே மாடத்தில் நின்று அவன் பெயரைச் சொல்லிப் புலம்பும்போது 'தௌ'. இன்றைய ஆங்கில வாசகருக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த இடத்தில் தமிழருக்குத்தான் காது கூர்மை என்பேன்.

நெருக்கத்துக்கான சொல் அவமதிக்கவும் உதவும். 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில், சண்டைக்கு அழைத்துக் கடிதம் எழுதப்போகும் நண்பனுக்கு சர் டோபி யோசனை சொல்கிறார்: எதிரியை மூன்று முறை 'தௌ' என்றால் தப்பில்லை. 1603இல் சர் வால்டர் ராலே மீது ராஜத்துரோக வழக்கு நடந்தபோது, அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், உன்னை 'தௌ' என்றே அழைப்பேன், துரோகி, என்று மன்றத்திலேயே சீறினார்.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில் கதை வேறு. அதன் மொழிபெயர்ப்பாளர்கள் எண்ணிக்கையைத்தான் பார்த்தார்கள். ஒருவர் என்றால் 'தௌ': கடவுளானாலும் அரசனானாலும் சாத்தானானாலும். இதில் ஒரு வசதி உண்டு. லூக்கா 22ஆம் அதிகாரத்தில் இயேசு பேதுருவிடம் பேசும்போது, சாத்தான் குறிவைத்திருப்பது சீடர்கள் எல்லாரையும். இயேசு வேண்டிக்கொண்டது பேதுரு ஒருவருக்காக. அந்த மொழிபெயர்ப்பில் இது பளிச்சென்று தெரியும். இரண்டு இடத்திலும் 'யூ' போட்டால் மங்கிவிடும். தேவாலயத்தில் மட்டுமே கேட்டுக் கேட்டு, பிற்காலத்தவர் 'தௌ'வைப் பரம மரியாதைச் சொல்லாக எண்ணிக்கொண்டார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஜெபத்தில் கடவுளை 'உம்முடைய' என்கிறார்கள். ஆங்கிலத்தில் இருப்பதோ அப்பட்டமான 'உன்னுடைய'.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய குவேக்கர் இயக்கத்தினர், கடவுள் முன் எல்லாரும் சமம் என்று நீதிபதியையும் 'தௌ' என்றார்கள். அடியும் வாங்கினார்கள், சிறைக்கும் போனார்கள். ஃபாக்ஸ் இதற்காகவே 1660இல் நண்பர்களோடு சேர்ந்து ஒருமை பன்மை பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்.

ஊரார் போன வழி வேறு. எதிரே இருப்பவர் என்ன அந்தஸ்து என்று தெரியாத நகரத்தில் 'யூ' என்றுவிட்டால் வம்பில்லை. எல்லாருக்கும் மரியாதை கொடுக்கப்போய், கடைசியில் 'நீ'யே இல்லாமல் போயிற்று. இன்று ஆங்கிலேயர் நாயைக்கூட 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுகிறார். இடையில் 18ஆம் நூற்றாண்டில், ஒருவரைக் குறிக்க 'யூ வாஸ்' என்று பலர் சொல்லிப் பார்த்தார்கள். ராபர்ட் லோத் 1762இல் வெளியிட்ட இலக்கண நூலில் அதைப் பிழை என்று கண்டித்தார். பன்மைக்குத் தனிச்சொல் இல்லாத குறையை, அமெரிக்கத் தென்மாநிலத்தார் 'யால்' என்று ஒட்டுப்போட்டுச் சமாளிக்கிறார்கள். யார்க்‌ஷயர் கிராமப்புறத்து முதியவர்கள் சிலரிடம் மட்டும் பழைய 'நீ', 'தா' என்ற வடிவில் இன்னும் புழங்குகிறது.

அடுத்தமுறை ஷேக்ஸ்பியரைக் கையில் எடுத்தால், கடினச் சொற்களுக்கு அகராதி புரட்டும் முன், 'தௌ' எங்கே 'யூ'வாகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படித்துப் பாருங்கள்.